முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தையா, பெயர் தெரியாத நோயாளியா: ஆன்டிபயாட்டிக் எழுதும்போது நாம் யாருக்குப் பொறுப்பு?

சிறார் மருத்துவர் (இழையைத் தொடங்கியவர்)

நேற்று நான் எழுதிய ஒரு மருந்துச் சீட்டு மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை இங்கே வைக்கிறேன்.

மூன்று வயதுப் பெண் குழந்தை. இரண்டு நாளாகச் சளி, காய்ச்சல் 38.5, இடது காதைப் பிடித்துக்கொண்டு அழுகை. செவிப்பறை லேசாகச் சிவந்திருந்தது. புடைப்பு இல்லை, சீழ் இல்லை. குழந்தை தண்ணீர் குடிக்கிறாள், என் ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுக்கிறாள். இரண்டு வயதுக்கு மேல், ஒரு காது மட்டும், கடுமையாக இல்லை என்றால் வலிக்கு மருந்து கொடுத்துவிட்டு 48 முதல் 72 மணி நேரம் பொறுத்துப் பார்க்கலாம் என்று மாணவர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன்.

அம்மா மருந்தை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார். "நாளைக்கு நான் கண்டிப்பா வேலைக்குப் போகணும் டாக்டர். ராத்திரி ஏதாவது ஆயிடாதே?" என்று கேட்டார். வெளியே இன்னும் பதினேழு பேர். அமாக்சிசிலின் எழுதிக் கொடுத்தேன்.

அன்று மாலையே நுண்ணுயிரியல் துறை நண்பர் போன் செய்து ஒரு கல்ச்சர் ரிப்போர்ட்டை (கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று பார்க்கும் சோதனை முடிவை) படித்தார். பிறந்து ஒன்பது நாள் ஆன குழந்தை, ரத்தத்தில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா. அவர் ஒவ்வொரு மருந்தாகப் படிக்க, ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் எதிரே "ஆர்", அதாவது கிருமி அந்த மருந்துக்கு அடங்காது. அந்தப் பச்சிளம் குழந்தைக்கும் என் சீட்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் இப்படி எழுதப்பட்ட எத்தனையோ சீட்டுகள் சேர்ந்துதானே அந்த ரிப்போர்ட் வந்தது?

நோயாளியின் நலனே முதல் என்று படித்தோம். எந்த நோயாளியின் நலன்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

கல்ச்சர் அறை

அந்த நண்பர் நான் இல்லை, ஆனால் அதே வேலையில் இருப்பவள்.

நாங்கள் பார்ப்பதை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். வட்டத் தட்டில் அகர் என்ற, கிருமி வளர்க்கும் ஜெல்லி, அதன் மேல் நோயாளியிடமிருந்து எடுத்த கிருமியை ஒரே சீராகப் பூசி, ஆன்டிபயாட்டிக் ஊறிய சின்னச் சின்னக் காகித வில்லைகளை வைப்போம். இரவு முழுவதும் 35 டிகிரி அலமாரியில் இருக்கும். காலையில் திறந்தால், மருந்து வேலை செய்கிற இடத்தில் வில்லையைச் சுற்றித் தெளிவான வளையம் இருக்கும். வேலை செய்யாவிட்டால் கிருமி வில்லையின் விளிம்பு வரை வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். நான் இந்தத் துறைக்கு வந்த புதிதில் வளையமே இல்லாத தட்டு வந்தால் மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவோம். இப்போது யாரையும் கூப்பிடுவதில்லை. மற்றவை பலிக்காதபோது எடுக்கும் கடைசி மருந்துகளில் ஒன்றான கோலிஸ்டினுக்கு வில்லை முறை நம்பகமானதே இல்லை, தனியாக வேறு சோதனை செய்ய வேண்டும். அந்தச் சோதனையைக் கேட்டு வரும் மாதிரிகள் கூடிக்கொண்டே போகின்றன.

இது திடீரென்று வந்த ஆபத்து இல்லை. பென்சிலினைச் சிதைக்கும் நொதியைப் பற்றி 1940-லேயே எழுதிவிட்டார்கள், அந்த மருந்து பரவலாகப் புழக்கத்துக்கு வரும் முன்பே. 1945-இல் நோபல் உரையில் ஃப்ளெமிங், குறைந்த அளவு மருந்து கொடுத்தால் கிருமிகள் பழகிக்கொள்ளும் என்று எச்சரித்தார். மெதிசிலின் 1959-இல் வந்தது, 1961-இல் அதற்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் பற்றிய செய்தி வந்துவிட்டது. 2019-இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றே நேரடிக் காரணமாக இறந்தவர்கள் உலகம் முழுவதும் சுமார் 12.7 லட்சம் பேர் என்று லான்செட் மருத்துவ இதழில் வந்த மதிப்பீடு சொன்னது.

சார், உங்கள் சீட்டு ஒன்றுதான் காரணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் தட்டைத் திறக்கிற எனக்கு, இதெல்லாம் எங்கேயோ நடக்கிற கதையாகத் தெரியவில்லை.

ஐசியு இரவு

இரண்டு பேர் சொல்வதையும் மதிக்கிறேன். ஆனால் ஒரு பயமும் இருக்கிறது. இந்தப் பேச்சு இளம் டாக்டர்கள் மனதில் "ஆன்டிபயாட்டிக் கொடுப்பது தப்பு" என்று பதிந்துவிடக் கூடாது.

செப்டிக் ஷாக்கில் (தொற்று முற்றி ரத்த அழுத்தம் சரிந்த நிலையில்) வருகிறவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உடம்புக்குள் போயிருக்க வேண்டும். ரத்த அழுத்தம் 70-க்குக் கீழே, கை கால் சில்லிட்டு, பேச்சு குழறும்போது கல்ச்சர் வரட்டும் என்று என்னால் உட்கார்ந்திருக்க முடியாது. பல வகைக் கிருமிகளை ஒரே சமயத்தில் தாக்கும் அகலமான மருந்தைத்தான் தொடங்குவேன். அதில் எனக்கு எந்தக் குற்ற உணர்ச்சியும் இல்லை. இந்த ஒரு மணி நேரக் கணக்கைச் சொல்லும் அதே 2021 செப்சிஸ் வழிகாட்டுதல், ஷாக் இல்லாமல் செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பழுதாவது) "இருக்கலாம்" என்கிற அளவில் இருப்பவரை வேகமாகப் பரிசோதித்து, சந்தேகம் தீராவிட்டால் மூன்று மணி நேரத்துக்குள் தொடங்கச் சொல்கிறது. இந்த வித்தியாசத்தைச் சொல்லித்தர வேண்டும்.

நான் தவறுவது மூன்றாம் நாள். கல்ச்சர் வந்துவிட்டது, அந்தக் கிருமிக்கு மட்டுமான சின்ன மருந்தே போதும் என்கிறது. நோயாளியும் தேறி வருகிறார். "நல்லா போயிட்டிருக்கு, எதுக்கு மாத்தணும்?" என்று ரவுண்ட்ஸில் ஒருவர் சொன்னால் நானும் தலையாட்டிவிடுகிறேன். தொடங்குவதற்கு ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும். நிறுத்துவதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. எங்கள் யூனிட்டில் இதை மாற்றத்தான் இப்போது முயல்கிறோம். 48 மணி நேரத்தில் "தொடர்வதா, குறைப்பதா, நிறுத்துவதா, ஏன்" என்று ஒருவர் கைப்பட எழுதியே ஆக வேண்டும். ஒரு வரிதான். அந்த ஒரு வரி எழுத வேண்டியிருப்பதாலேயே பல மருந்துகள் நிற்கின்றன.

ஓபி டாக்டர்

எல்லாம் சரி. ஒரு நோயாளிக்கு எனக்குக் கிடைப்பது நாலு நிமிடம். "வேண்டாம்" என்று விளக்க எட்டு நிமிடம் ஆகும். எழுதிக் கொடுக்க அரை நிமிடம். நான் மறுத்தால் அடுத்த டாக்டரிடம் போவார்கள்.

2014-இல் வந்த ஒரு ஆய்வு பார்த்திருப்பீர்கள். ஓபி தொடங்கும்போது எழுதுவதைவிட முடியும் நேரம் நெருங்க நெருங்கத் தேவையில்லாத ஆன்டிபயாட்டிக் சீட்டுகள் கூடுகின்றன. என்னை யாரோ பக்கத்தில் உட்கார்ந்து கவனித்த மாதிரி இருந்தது அதைப் படித்தபோது. களைத்த மனிதனிடம் அறத்தைப் பேசும் முன் அவனுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

மருந்தாளுநர்

ஓபி டாக்டர் சாருக்கு: எட்டு நிமிடம் இல்லாமலே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. தள்ளிப்போட்ட சீட்டு. "இன்றைக்கு வாங்க வேண்டாம். மூன்று நாளில் குறையவில்லை என்றாலோ அதிகமானாலோ வாங்குங்கள்" என்று சொல்லிச் சீட்டைக் கையில் கொடுப்பது. சுவாசத் தொற்றுகளில் இதைப் பற்றிய ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு 2017-இல் தொகுத்தபோது, உடனே வாங்கச் சீட்டுப் பெற்ற நோயாளிகளில் 93 சதவீதம் பேர் மருந்தை எடுத்தார்கள், தள்ளிப்போட்ட சீட்டுப் பெற்றவர்களில் 31 சதவீதம். திருப்தியில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அந்தச் சீட்டோடு கவுன்டருக்கு வருபவரிடம் "இது இன்றைக்கு வாங்க வேண்டியதா?" என்று நான் கேட்க வேண்டும். விற்றுவிட்டு அனுப்புவது எளிது. அந்தக் கேள்வியைக் கேட்பதுதான் என் வேலையில் அறம் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்று. வீட்டில் மிச்சமிருந்த பாதி அட்டையைக் கொண்டுவந்து "இதே மாதிரி கொடுங்க" என்பவர்கள் தினம் வருகிறார்கள். போன வருடத்துத் தொண்டைக்குக் கொடுத்ததை இந்த வருடத்துச் சிறுநீர் எரிச்சலுக்குச் சாப்பிட்டிருப்பார்கள்.

ஓபி டாக்டர்

"கோர்ஸை முழுசா முடிக்கணும்" என்று நாம்தானே சொல்லிப் பழக்கினோம்? அதையும் இப்போது கேள்வி கேட்கிறார்களே.

கல்ச்சர் அறை

ஆமாம், அதை நிதானமாகப் பேச வேண்டும். 2017-இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த கட்டுரைக்குப் பிறகு இது பெரிதானது. சீக்கிரம் நிறுத்தினால்தான் கிருமிக்கு மருந்தை எதிர்க்கும் திறன் வளரும் என்பதற்குப் பெரும்பாலான சாதாரணத் தொற்றுகளில் ஆதாரம் இல்லை. மாறாக, தேவைக்கு மேல் மருந்து எடுக்கும் ஒவ்வொரு நாளும் நம் குடலில் சும்மா இருக்கும் பாக்டீரியாக்கள் மருந்துக்குப் பழகுகின்றன. மருத்துவமனைக்கு வெளியே தொற்றிய நிமோனியாவுக்கு, நோயாளி சீராகத் தேறினால் பெரும்பாலும் 5 நாள் போதும் என்கிற இடத்துக்கு வந்துவிட்டோம். அப்புறம், இதைக் கேட்டுவிட்டுக் காசநோய் மருந்தை யாரும் நடுவில் விட்டுவிடக் கூடாது. அங்கே மாதக்கணக்கு மாதக்கணக்குதான். "நீங்களாக நிறுத்தாதீர்கள், தேறிவிட்டால் எங்களைக் கேளுங்கள்" என்பதே நோயாளிக்குச் சொல்ல வேண்டியது.

மகள்

நான் மருத்துவத் துறை இல்லை. படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதலாமா என்று யோசித்து எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு தொற்று வந்தது. ஒரு வாரம் கழித்துத் தனி அறைக்கு மாற்றினார்கள். உள்ளே வருபவர்கள் எல்லாம் மேலங்கி, கையுறை. நாங்கள் கேட்டபோது "இன்ஃபெக்‌ஷன் கொஞ்சம் ஜாஸ்தி, மருந்து மாத்தியிருக்கோம்" என்றார்கள். அம்மா என்னிடம் கேட்டார்: "எனக்கு என்னமோ ஒட்டுவாரொட்டி வியாதியா? ஏன்டி யாரும் கையைத் தொட மாட்டேங்கறாங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு சிறுநீரகம் பாதிக்கப்பட்டு டயாலிசிஸ். அதுவும் மருந்தால் வந்திருக்கலாம் என்பதை வேறு ஒரு டாக்டர் சொல்லித்தான் அறிந்தேன். அம்மா இறந்த பிறகு வந்த காகிதத்தில் "எம்டிஆர்" என்று மூன்று எழுத்து. பல மருந்துகளுக்கு அடங்காத கிருமி என்ற அதன் அர்த்தத்தை நானே தேடித் தெரிந்துகொண்டேன்.

டாக்டர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் இரவு பகலாக நின்றதைப் பார்த்தேன். ஆனால் அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் தன்னை அருவருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போயிருக்க மாட்டார். அது மட்டும்தான் எனக்கு ஆறவில்லை.

ஐசியு இரவு

அம்மா, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். கோலிஸ்டின் போன்ற மருந்தை நாங்கள் தொடங்கும்போது சிறுநீரகம் பாதிக்கப்படலாம் என்று எங்களுக்குத் தெரியும். அந்த மருந்து 1970-களில் ஓரம் கட்டப்பட்டதே அதனால்தான். வேறு வழி இல்லாமல் திரும்ப எடுத்தோம். அதை உட்கார்ந்து சொல்ல வேண்டும். நானும் பல முறை "மருந்து மாத்தியிருக்கோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறேன். மன்னியுங்கள்.

அறவியல் ஆசிரியர்

மகள் எழுதியதற்குப் பிறகு எனக்கு இந்த இழையின் தலைப்பே கொஞ்சம் தவறாகத் தெரிகிறது.

நோயை மறைப்பதில் நமக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1961-இல் அமெரிக்காவில் ஒரு கணக்கெடுப்பு. புற்றுநோய் என்பதை நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதே தங்கள் வழக்கம் என்று 90 சதவீத டாக்டர்கள் சொன்னார்கள். நல்ல எண்ணத்தில்தான், நோயாளி உடைந்துவிடுவார் என்று. 1979-இல் அதே கேள்வியைக் கேட்டபோது 97 சதவீதம் பேர் சொல்லிவிடுவோம் என்றார்கள். பதினெட்டே ஆண்டில் தலைகீழ். மருந்துக்கு அடங்காத தொற்றைப் பொறுத்தவரை நாம் இன்னும் 1961-இல் இருக்கிறோம். புற்றுநோயை மறைத்தது நோயாளி தாங்க மாட்டார் என்று. இதை மறைப்பதற்குக் காரணம் வேறு: இது எங்கிருந்து வந்தது என்று அடுத்த கேள்வி வரும், அது பெரும்பாலும் நம் வார்டை நோக்கி வரும்.

இப்போது முதல் பதிவுக்கு வருகிறேன். சிறார் மருத்துவர் சார், இந்தக் குழந்தையா, பெயர் தெரியாத இன்னொரு குழந்தையா என்று கேட்டீர்கள். நீங்கள் சொன்ன நிலையில் அப்படி ஒரு மோதலே இல்லை. காதுத் தொற்றில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால், இரண்டு மூன்று நாளில் வலி குறைய இருபது குழந்தைகளில் ஒன்றுக்குக் கூடுதல் பயன். பதினாலில் ஒன்றுக்கு வாந்தி, பேதி அல்லது தடிப்பு. அதோடு, மருந்து எடுத்தவரின் உடம்பிலேயே மருந்தை எதிர்க்கும் பாக்டீரியா முதல் மாதம் அதிகமாகவும் ஓராண்டு வரையும் தங்கக்கூடும் என்று 2010-இல் தொகுத்துக் காட்டியிருக்கிறார்கள். நாளை உண்மையிலேயே பெரிய தொற்று வந்தால் மருந்து வேலை செய்யாமல் போகக்கூடியவர்களில் முதல் ஆள் அந்தக் குழந்தைதான். சமூகத்துக்காக அவளைத் தியாகம் செய்யச் சொல்லி யாரும் உங்களைக் கேட்கவில்லை. அவளுக்கே அது தேவைப்படவில்லை.

உண்மையான மோதல் வேறு இடத்தில் இருக்கிறது. இறுதிக் கட்டத்தில் இருக்கும் ஒருவருக்கு, பிழைக்க வழியில்லை என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகு, கடைசியாக மட்டும் எடுக்க ஒதுக்கி வைத்த ரிசர்வ் வரிசை மருந்தை மூன்றாவது வாரமாக ஏற்றுவதா என்பது. 2017-இல் உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாட்டிக்குகளை ஆக்சஸ் (முதலில் எடுப்பவை), வாட்ச் (கவனமாக எடுப்பவை), ரிசர்வ் (கடைசிக்கு ஒதுக்கியவை) என்று பிரித்தது. அந்தக் கடைசி வரிசை மிகச் சிறியது. அங்கேயும் படுக்கை ஓரத்தில் நின்று தனி டாக்டர் "மற்றவர்களுக்காக உங்களுக்கு மறுக்கிறேன்" என்று சொல்லக் கூடாது என்பது என் கருத்து. அது நோயாளியின் நம்பிக்கையை உடைக்கும். எந்த நிலையில் எதைக் கொடுப்பது என்று மருத்துவமனை முன்கூட்டியே, வெளிப்படையாக, எல்லோருக்கும் ஒன்றுபோல விதி வைக்க வேண்டும். படுக்கை ஓரத்தில் டாக்டர் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: இந்த மருந்து இவருக்கு நிம்மதி தருகிறதா, அல்லது நாம் ஏதோ செய்கிறோம் என்ற ஆறுதலை நமக்குத் தருகிறதா?

கடைசியாக ஒன்று கவனித்தேன். உங்கள் பதிவில் அந்த அம்மா ஆன்டிபயாட்டிக் கேட்கவே இல்லை. "ராத்திரி ஏதாவது ஆயிடாதே" என்றுதான் கேட்டார். 1999-இல் குழந்தை மருத்துவர்களிடம் நடந்த ஆய்வில், பெற்றோர் ஆன்டிபயாட்டிக் எதிர்பார்க்கிறார் என்று டாக்டர் நினைத்தபோது வைரஸ் தொற்றுக்குக்கூட 62 சதவீதம் எழுதினார்கள். அப்படி நினைக்காதபோது 7 சதவீதம். பெற்றோர் உண்மையில் எதிர்பார்த்தார்களா இல்லையா என்பது அந்த முடிவை மாற்றவில்லை.

கால்நடை மருத்துவர்

மனிதர்களைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். சீக்கிரம் எடை கூட வேண்டும் என்று தீவனத்தில் கலக்கும் ஆன்டிபயாட்டிக் பற்றி 1969-லேயே பிரிட்டனில் ஸ்வான் குழு எச்சரித்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுத் தடை போட 2006 ஆனது. கோலிஸ்டினை முறியடிக்கும் எம்சிஆர்-1 மரபணு 2015-இல் சீனாவில் முதலில் சிக்கியது பன்றிகளிடம். என் துறையிலும் சீட்டு எழுதும் கைக்கு இதே கேள்வி உண்டு, அங்கே நோயாளிக்கு வாய் கிடையாது.

இரவுப்பணி செவிலியர்

இவ்வளவு நேரம் மருந்தைப் பற்றியே பேசினீர்கள். தொற்று வராமலே தடுப்பதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

சிறுநீர்க் குழாய் போட்டு வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் பாக்டீரியா சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் கூடுகிறது. ஆபரேஷனுக்காகப் போட்ட கத்தீட்டர் ஐந்தாம் நாளும் அப்படியே இருக்கும். "டாக்டர், எடுத்துடலாமா?" என்று நான்தான் ரவுண்ட்ஸில் கேட்கிறேன். சில டாக்டர்கள் நன்றி சொல்வார்கள், சிலர் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். 1847-இல் செம்மல்வைஸ் என்ற டாக்டர் சக டாக்டர்களைக் கை கழுவச் சொன்னார். இன்றும் ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குக் கை தேய்க்காமல் போகும் பெரியவர்களிடம் சொல்ல ஜூனியர் செவிலியருக்குத் தைரியம் வருவதில்லை. ஒரு ஆளுக்கு எட்டுப் படுக்கை என்றால் எங்களாலும் முடிவதில்லை.

மகள் சொன்னது எனக்கு ரொம்ப வலித்தது. கையுறை போட்டுக்கொண்டும் கையைப் பிடிக்கலாம். தனி அறைக்குப் போகும்போது "இந்த உடை உங்க மேல இருக்கற அருவருப்பு இல்லம்மா, பக்கத்து படுக்கைக்கு நான் எதையும் கொண்டு போயிடக் கூடாதுன்னுதான்" என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். புதிதாக வருபவர்களுக்கும் இதைச் சொல்லித் தருகிறேன்.

மகள்

நன்றி சிஸ்டர்.

சிறார் மருத்துவர் (இழையைத் தொடங்கியவர்)

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன்.

அறவியல் ஆசிரியர் சொன்னதைப் படித்துவிட்டு அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். காய்ச்சல் இரண்டாம் நாளே நின்றுவிட்டது. மூன்றாம் நாளிலிருந்து பேதி, இடுப்பில் தடிப்பு. ஒவ்வாமையா என்று நேரில் வரச் சொல்லிப் பார்த்தேன், இல்லை. மருந்தை நிறுத்தினோம். "அது அன்றைக்கே தேவைப்படவில்லை, நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன்" என்று சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்டது.

அவர் கோபப்படவில்லை. "நான் மருந்து கேக்கலையே டாக்டர். ராத்திரி எதைப் பாத்தா தூக்கிட்டு ஓடி வரணும்னு தெரிஞ்சா போதும்னு இருந்தது. வீட்ல நான் மட்டும்தான்" என்றார்.

இப்போது ஒரு சின்னத் தாள் அடித்து வைத்திருக்கிறேன். சளி, காய்ச்சல், காதுவலிக்கு வரும் பெற்றோருக்கு, ஆன்டிபயாட்டிக் எழுதாதபோது கையில் கொடுப்பதற்கு. திருத்திக் கொடுங்கள்:

"இப்போது ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. வலிக்கும் காய்ச்சலுக்கும் எழுதிய மருந்தை நேரப்படி கொடுங்கள். இருமல் இரண்டு வாரத்துக்கு மேலும் இருக்கலாம், அது தனியாகப் பயப்பட வேண்டியதில்லை. மூச்சுத் திணறல், தண்ணீர் குடிக்க மறுப்பது, எழுப்பினால் எழாத மயக்கம், காதுக்குப் பின்னால் வீக்கம்: இதில் எது வந்தாலும் எந்த நேரமானாலும் உடனே வாருங்கள். மூன்று நாளில் குறையவில்லை என்றாலும் வாருங்கள்."

இரவுப்பணி செவிலியர்

"மூச்சுத் திணறல்" என்றால் வீட்டில் புரியாது சார். எல்லாச் சளிக்கும் மூக்கடைத்துப் புஸ் புஸ் என்றுதான் வரும், அம்மாக்கள் குழம்பிப்போவார்கள். "சட்டையைக் கழற்றிப் பாருங்கள். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழிந்தால்" என்று எழுதுங்கள். "தண்ணீர் குடிக்க மறுப்பது" என்பதோடு "எட்டு மணி நேரமாக ஒன்றுக்குப் போகவில்லை என்றால்" என்று சேருங்கள். அப்புறம் இரவில் போன் எடுக்கும் நம்பரைத் தாளின் கீழே இல்லை, மேலே, பெரிய எழுத்தில் போடுங்கள்.